வருத்தம் உள்ளவர்கள் மட்டும்

“மத்தியானத்துக்குள்ள ஒருத்தரும் வரலீன்னா அந்த மேசையை எடுத்து மாத்திரை கட்ட வெச்சுக்கலாமுங்க. அடுத்த வருசம் மேடத்தையும் தொந்தரவு பண்ண வேண்டாம்.”

இதை நான் ஒட்டுக்கேட்கவில்லை அக்கா. முகாமின் கடைசி நாள் காலையில் பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் டாக்டர் சபாபதி போனில் பேசிக்கொண்டிருந்தார். என் வாய் நிறைய நுரை. துப்பினால் நான் நிற்பது தெரிந்துவிடும். துப்பாமல் நின்றேன். அவர் பேசி முடிப்பதற்குள் பாதிப் பேஸ்ட் உள்ளே போய்விட்டது. நான் அப்படிப்பட்ட ஆள். யாருக்கும் இடைஞ்சலாக இருக்க மாட்டேன்.

மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். இதே விமானத்தில்தான் டாக்டர் நான்கு வரிசை முன்னால் இருக்கிறார். சட்டைக் காலருக்குள் கைக்குட்டை செருகியிருக்கிறாரே, அவர்தான்.

பொதுவாக நான் யாரிடமும் பேச மாட்டேன். வரும்போது பக்கத்து சீட்காரருடைய பை சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் வரை என் மடியில்தான் இருந்தது. எடுங்கள் என்று சொல்லக் கூச்சம். ஆனால் நீங்கள் யாழ்ப்பாணத்துக்காரர் என்றதும் உங்களிடம் ஒரு நியாயம் கேட்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. நீங்கள் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள்.

நாங்கள் ஈரோட்டிலிருந்து வந்த இலவச மருத்துவ முகாம் குழு. பதினோரு பேர், நான்கு நாள். தினமும் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்று மேசை போடுவோம். முதல் மேசை டாக்டர் சபாபதி, எல்லா நோய்க்கும். இரண்டாவது மேசை கண். மூன்றாவது மேசை எஸ்தர் மேடம். நாகர்கோவில்காரர், மனநல ஆலோசகர். மனசு சரியில்லாதவர்கள் அவரிடம் போய்ப் பேசலாம். நான் பின்னால் உட்கார்ந்து மாத்திரைகளைக் காகித உறையில் போட்டு, காலை, மாலை என்று எழுதுவேன். எனக்குப் பிடித்த வேலை. மாத்திரை நம்மிடம் எதுவும் கேட்காது.

எஸ்தர் மேடத்திடம்தான் மூன்று நாளாக ஒருவரும் வரவில்லை. சொந்தச் செலவில் ஒரு பலகை செய்து, பிளாஸ்டிக் உறை போட்டு, பெட்டியில் துணிகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்திருந்தார். ‘இங்கே மனம் விட்டுப் பேசலாம்’ என்று நீல எழுத்து. தினமும் காலையில் அதைப் பள்ளிக்கூட வாசலில் தானே கட்டுவார். சனங்கள் வருவார்கள், படிப்பார்கள், அவருடைய மேசையைச் சுற்றி ஒரு வளைவு போட்டு நடந்து டாக்டரிடம் போய்விடுவார்கள். மூன்றாம் நாள் ஓர் ஆடு வந்தது. அவர் தயாராக வைத்திருந்த படிவத்தின் ஒரு மூலையைத் தின்றுவிட்டுப் போனது. “அதுக்காவது பசின்னு ஒரு பிரச்சினை இருந்திச்சே மக்களே” என்றார் மேடம்; ‘மக்களே’ என்றால் அவர்கள் ஊரில் பிள்ளையே என்று அர்த்தம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் நான் கவனிக்கிற ஆள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றதைக் கவனித்தேன்.

குழுவில் என்னிடம் பேசுகிற ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் என் பெயரையே கேட்கவில்லை. “அந்த மாத்திரைப் பொண்ணு” என்பார்கள். எஸ்தர் மேடம்தான் “பூங்கோதை, சாப்டியா மக்களே” என்று கேட்பார். அவருடைய மேசையை எடுக்கப் போகிறார்கள், அடுத்த வருடம் அவரே இல்லை என்றால் எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

மூன்று நாளாகப் பதிவு மேசையில் இருந்தது உங்கள் ஊர் டீச்சர் ஒருவர். வருகிறவர்களிடம் என்ன என்று கேட்டு, சீட்டில் எழுதி, எந்த மேசை என்று சொல்லி அனுப்புவது அவர் வேலை. நான்காம் நாள் காலை அவருடைய தங்கையைப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். டாக்டர் சுற்றிப் பார்த்தார். “ஏனுங் அம்மிணி, நீங்க தமிழ் எம்.ஏ. தானுங்களே? தமிழ் பேசுற ஊருதான். போய் உக்காருங்க” என்றார்.

மாட்டேன் என்று சொல்ல எனக்கு வராது. போய் உட்கார்ந்தேன். யாராவது ஒருவரையாவது மூன்றாம் மேசைக்கு அனுப்பிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒருவர் போதும்.

முதலில் வந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். என்ன அம்மா என்று கேட்டேன்.

“நாலு நாளா வருத்தம் பிள்ளை” என்றார்.

இருங்கள், சிரிக்காதீர்கள். உங்களுக்கு வருத்தம் என்றால் காய்ச்சல், வலி, நோய். எங்களுக்கு வருத்தம் என்றால் மனசு சரியில்லை, துக்கம், அவ்வளவுதான். இது எனக்கு எப்படித் தெரியும்? எம்.ஏ.வில் இரண்டு வருடம் படித்தேன். ஒருவரும் சொல்லவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் யாராவது நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்கு நாலு நாளாக வருத்தம் என்பார்களா? தலைவலி என்பார்கள், வாயு என்பார்கள், உண்மையைச் சொல்ல மாட்டார்கள். சீட்டில் ‘வருத்தம், 4 நாள்’ என்று எழுதி மூன்றாம் மேசைக்கு அனுப்பினேன்.

அடுத்தவருக்கும் வருத்தம். அதற்கடுத்தவருக்கு இரண்டு மாதமாக விட்டு விட்டு வருத்தம். ஒருவர் தன் அம்மாவுக்கும் இருந்தது, இது பரம்பரை வருத்தம் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மண்ணில் என்னவெல்லாம் நடந்திருக்கிறது, இவர்களுக்கு இருக்காதா என்று நினைத்துக்கொண்டேன். திரும்பக் கேட்டுத் துன்பப்படுத்தக் கூடாது என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எல்லோரையும் மூன்றாம் மேசைக்கு அனுப்பினேன்.

மேடத்தின் மேசை என் முதுகுக்குப் பின்னால், ஒரு சேலைத் திரைக்கு அந்தப் பக்கம். நான் ஒட்டுக்கேட்கவில்லை. காது அங்கேதான் இருந்தது.

“வருத்தம் வந்தா நீங்க என்ன செய்வீங்க?” என்று மேடம் மெதுவாகக் கேட்டார்.

“என்ன செய்யிறது, ரெண்டு பனடோல் போடுவன்.”

“மாத்திரையா? அப்புறம்?”

“போட்டுட்டுப் படுத்திடுவன்.”

மேடம் திரை வழியாக என்னை எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. “மக்களே, ஊரே துக்கத்துக்கு மாத்திரை போடுது” என்றார். பயந்துதான் போயிருந்தார். ஆனாலும் மூன்று நாளில் நான் பார்க்காத ஒரு வெளிச்சம் அந்த முகத்தில் இருந்தது. வரிசையைப் பார்த்து, “இவ்வளவு பேரா?” என்றார். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

பிறகு ஓர் இளைஞர். கொத்தவரங்காய் மாதிரி இருந்தார். “தடிமன்” என்றார்.

நான் அவரை மேலும் கீழும் பார்த்தேன். “யாருக்கு?”

“எனக்குத்தான். சரியான தடிமன்.”

உங்கள் ஊரில் தடிமன் என்றால் சளி என்று இப்போது தெரியும். அப்போது எனக்கு, கண்ணாடி முன்னால் நின்று தான் குண்டாக இருப்பதாக நினைத்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றிப் படித்தது நினைவுக்கு வந்தது. ‘தன்னைத் தடிமன் என்று நம்புகிறார், மென்மையாகப் பேசவும்’ என்று எழுதினேன். மேடமும் மென்மையாகத்தான் பேசினார். “தம்பி, நீங்க தடிமனே இல்ல. யாரு அப்படிச் சொன்னாங்க?” என்றார். “இல்லை அக்கா, இரவைக்கு மூச்சுவிட ஏலாது” என்று அவர் மூக்கை உறிஞ்சினார். மேடம் அவர் அழுகிறார் என்று நினைத்து, தோளைத் தட்டி, கைக்குட்டை கொடுத்தார். அதில் அவர் சத்தமாகச் சிந்தினார். மேடத்துக்கும் அழுகை வந்துவிட்டது.

அடுத்தது கணவன் மனைவி. பெரியவருக்கு எழுபது இருக்கும். ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, “முப்பது வருசமா நாரி வருத்தம் பிள்ளை. குனிய ஏலாது, நிமிர ஏலாது” என்றார்.

நாரி என்றால் உங்களுக்கு இடுப்பு. அக்கா, நான் தமிழ் எம்.ஏ. நாரி என்றால் பெண். சிவனுக்கு நாரிபாகன் என்று பெயர். நான் என்ன நினைப்பேன்? முப்பது வருடமாக ஒரு பெண்ணால் துயரம், குனியவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை என்று எவ்வளவு அழகாகச் சொல்கிறார் பார் என்று நினைத்தேன். அந்த அம்மா பக்கத்திலேயே நின்று, “இரவிரவா முனகுவார்” என்றார். என்ன பொறுமை. நான் சீட்டைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினேன்: ‘பெண்ணால் துயரம், 30 ஆண்டு. மனைவி கூட வந்திருக்கிறார், கவனம்.’

மேடம் அந்த அம்மாவைத் திரைக்கு வெளியே, பெரியவர் முதுகுக்குப் பின்னால் நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஐயா, கூச்சப்பட வேண்டாம். இவ்வளவு கஷ்டமும் எங்கேருந்து வருது?”

“இஞ்சதான், பின்னால.”

மேடம் பின்னால் பார்த்தார். அந்த அம்மா நின்றார்.

“அவங்களுக்கு இது தெரியுமா?”

“தெரியாமல்? ஒவ்வொரு நாளும் அவதானே எண்ணெய் பூசி உரஞ்சி விடுறவ.”

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு மேடம், “அவங்க ரொம்பப் பெரிய மனுசி” என்றார். “ஓம், ஓம்” என்றார் பெரியவர்.

பதினொன்றரை மணிக்கு மூன்றாம் மேசையில் அறுபத்து மூன்று பேர். வரிசை விளையாட்டு மைதானத்தைச் சுற்றிக் குடிநீர்த் தொட்டி வரை போயிருந்தது. இரண்டாம் மேசையில் வழக்கம்போலக் கூட்டம். கண் என்றால் இரண்டு ஊரிலும் கண்தான். முதல் மேசையில் ஒருவரும் இல்லை. டாக்டர் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். ஸ்டெதஸ்கோப்பைத் தன் நெஞ்சிலேயே வைத்துக் கேட்டார். ஏதோ சந்தேகம் வந்து மறுபடி கேட்டார். கடைசியில் எழுந்து என்னிடம் வந்தார்.

“ஏனுங் அம்மிணி, எனக்கு ஒண்ணு ரெண்டு அனுப்பப்படாதுங்களா?”

“எல்லாருக்கும் வருத்தம் சார்” என்றேன்.

“வருத்தமா? அத்தனை பேருக்குமா?”

“ஆமாம் சார். பரம்பரையாகவும் இருக்கிறது.”

அவர் தலையைச் சொறிந்துகொண்டே போய் உட்கார்ந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். மத்தியானத்துக்குள் ஒருவராவது வர வேண்டும் என்றாரே, எண்ணிக்கொள்ளட்டும் என்று இருந்தது.

கெடுத்தது அந்தச் சீனி அம்மாதான். அவரைக் குறை சொல்லவில்லை, நல்லவர். “எனக்கு எட்டு வருசமாச் சீனி வருத்தம்” என்றார். இங்கே சீனி விலை ஏறியதைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருந்தேன். எட்டு வருடத்துக்கு முன்பே ஏறியதா என்று ஒரு கணம் யோசித்தேன், பிறகு ஏழைகளுக்கு எப்போதும் விலை ஏற்றம்தானே என்று அனுப்பிவிட்டேன். மேடம் அவரிடம் இருப்பதை வைத்து மனநிறைவாக வாழ்வதைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். மனசு கேட்காமல், எங்கள் டீக்கு வைத்திருந்த சீனியில் ஒரு பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்து அனுப்பினார்.

அந்த அம்மா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். நேராகப் போய்ப் பள்ளிக்கூட உப அதிபர், அதாவது துணைத் தலைமையாசிரியர், குணரத்தினம் சேரிடம் நீட்டினார்.

“சேர், சீனி வருத்தத்துக்கு இவையள் சீனி தருகினம். இது இந்தியாவில புது வைத்தியமோ?”

குணரத்தினம் சேர் பொட்டலத்தைப் பார்த்தார், என் சீட்டுகளைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். நாரிக்கு நான் எழுதியதை இரண்டு முறை படித்தார். பிறகு வகுப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து ஏதோ சத்தம் கேட்டது. பத்து நிமிடம் கழித்துக் கண்களைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு விளக்கினார். வருத்தம் என்றால் என்ன, தடிமன் என்றால் என்ன, நாரி என்றால் என்ன, சீனி வருத்தம் என்றால் சர்க்கரை நோய் என்று.

டாக்டர் உடனே ஊசியை எடுத்தார். சீனி அம்மாவின் விரலைக் குத்தி ரத்தம் பார்த்தார். அளவைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். நல்ல வேளை, அந்த அம்மா பொட்டலத்தைத் தொடவே இல்லை.

எஸ்தர் மேடம் ஒரு கேள்விதான் கேட்டார். “சார், அப்போ மூணு நாளா எங்கிட்ட ஏன் ஒருத்தரும் வரல?”

குணரத்தினம் சேர் வாசலில் தொங்கிய பலகையைப் பார்த்துத் தயங்கினார். “மிஸ், இஞ்ச பேசுறது எண்டால் ஏசுறது, திட்டுறது. மனம் விட்டுப் பேசலாம் எண்டு போட்டால், மனம் விட்டு ஏச ஆரோ வந்திருக்கினம் எண்டுதான் சனம் நினைக்கும். கதைக்கிறது எண்டு போட்டிருக்கவேணும்.”

அறுபத்து மூன்று பேரும் எழுந்து டாக்டரிடம் போய்விட்டார்கள். கூட்டம் தாங்காமல் மாத்திரை கட்ட இடம் போதவில்லை. டாக்டர் கையைக் காட்டினார், இரண்டு பேர் வந்து மேடத்தின் மேசையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அறுபத்து மூன்று பேர் வந்தார்களே என்று கேட்க வாயெடுத்துவிட்டு, தூக்குகிறவர்களுக்கு வழி விட்டு நகர்ந்து நின்றேன். மேசை போன இடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் எதிரெதிரே கிடந்தது. “பரவாயில்ல மக்களே, நமக்கு நூறு பேர் வேண்டாம், உள்ளபடி ஒருத்தர் வந்தாப் போதும்னு இருந்தேன்” என்று சொல்லிவிட்டு, மேடம் போய் மாத்திரை கட்ட உட்கார்ந்தார். காலை, மாலை என்று எழுதினார். அவருடைய எழுத்து என் எழுத்தைவிட அழகு.

என்னால் முடிந்ததை நான் செய்தேன் அக்கா. பலகையில் ‘பேசலாம்’ என்பதை அடித்துவிட்டு மார்க்கரால் ‘கதைக்கலாம்’ என்று பெரிதாக எழுதி மறுபடி வாசலில் கட்டினேன். ஒருவரும் சொல்லாமல் நானே செய்தேன். பதிவு மேசையில் ஒரு தாளும் ஒட்டினேன், இனிமேல் குழப்பம் வரக் கூடாது என்று: ‘வருத்தம் உள்ளவர்கள் மட்டும்.’

இதையெல்லாம் யாராவது சொன்னார்களா? சாயங்காலக் கூட்டத்தில் எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். கண் மேசைக்காரருக்குச் ‘சிறப்பாகப் பணியாற்றினார்’. எனக்குக் ‘கலந்துகொண்டார்’. மாத்திரைப் பொண்ணு போய் இப்போது “வருத்தப் பொண்ணு” ஆகிவிட்டேன். கூடவே, இரண்டு நாற்காலி வெளியே போனதற்கும் நான்தான் காரணம் என்று டாக்டர் சொன்னார். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. அது நடந்தது எப்படி என்று சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

மூன்றரை மணி இருக்கும். ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயது, இஸ்திரி போட்ட சேலை, கையில் குடை. மற்றவர்கள் எல்லோரும் கிளினிக் கொப்பி என்று மருந்து விவரம் எழுதிய நோட்டு ஒன்று கொண்டுவந்தார்கள், இவரிடம் அது இல்லை. நான் கவனித்தேன்.

“என்ன வருத்தம் அம்மா?” என்று கேட்டேன். சரியாகக் கேட்டேன், உங்கள் ஊர்க்காரர் மாதிரியே.

“வருத்தம் ஒண்டும் இல்லை பிள்ளை.”

“காய்ச்சல்? தடிமன்? நாரி?”

“ஒண்டும் இல்லை. கதைக்கலாம் எண்டு வெளியில போட்டிருக்கு. அதுதான் வந்தனான்.”

நான் தாளைக் காட்டினேன். “அம்மா, வருத்தம் உள்ளவர்களுக்கு மட்டும்தான் சீட்டு.”

அவர் அதைப் படித்தார். “அப்ப சரி பிள்ளை” என்றார். குடையை விரித்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் போய்விட்டார்.

அக்கா, என் வாழ்க்கையில் ஓர் ஆளிடம் நான் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கூட்ட நேரத்தில் ஒரு சீட்டை மிச்சப்படுத்தினேன். உங்கள் சொல்லையும் சரியாகப் புரிந்துகொண்டேன். அன்றைக்கு நான் ஒரு தப்பும் செய்யாத ஒரே கேஸ் அது.

நீங்கள் ஏன் சிரிக்கவில்லை? இதுவரை சிரித்தீர்களே. இதுதான் எல்லாவற்றிலும் வேடிக்கையானது.

மேடத்துக்கும் வேடிக்கையாக இருக்கும், கொஞ்சம் சிரிக்கட்டும் என்றுதான் போய்ச் சொன்னேன். “மேடம், ஓர் அம்மா வருத்தமே இல்லாமல் கதைக்க வந்தார். திருப்பி அனுப்பிவிட்டேன்” என்றேன்.

“எப்போ?”

“இப்போதுதான். பஸ்ஸுக்கு நிற்பார்.”

மேடம் கையில் இருந்த மாத்திரை உறையைக் கீழே வைத்தார். செருப்பைத் தேடவில்லை. அந்த இரண்டு நாற்காலிகளையும் ஒன்றுக்குள் ஒன்று செருகித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டி ரோட்டில் ஓடினார். “மேடம், சேரு எங்கீங்க போகுது?” என்று டாக்டர் உள்ளேயிருந்து கத்தினார். நான் வாசல் வரை ஓடிப்போய்ப் பார்த்தேன். பஸ் வந்து நின்றுவிட்டது. குடையை மடக்கிக்கொண்டு அந்த அம்மா படியில் ஒரு கால் வைத்திருந்தார். மேடம் மூச்சிரைக்க, ரோட்டோரப் பூவரச மரத்தடியில் நாற்காலிகளைப் பிரித்து எதிரெதிரே போட்டார். ஒன்றைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்த அம்மா நாற்காலியைப் பார்த்தார், மேடத்தின் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு படியிலிருந்து காலை எடுத்து, போகலாம் என்று கண்டக்டருக்குக் கையைக் காட்டிவிட்டு, வந்து உட்கார்ந்தார்.